உப்பு, மை, ஒரே ஒரு தாள்

கையால் வாழ்த்து அட்டை செய்வோர் அறிந்த எளிய உத்தி ஒன்று உண்டு. தாளில் நீர்த்த மையைப் பூசி, அது உலர்வதற்குள் சில கல்லுப்புப் பரல்களைத் தூவுவார்கள். ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்ச, நீரோடு நிறமும் நகர்ந்து, வெளிறிய நட்சத்திரங்கள் தோன்றும். ஈரம் மிகுந்தால் உப்பு கரைந்துவிடும். குறைந்தால் ஒன்றும் நிகழாது. சரியான கணத்தில் தூவினாலும், அதே கோலத்தை மறுமுறை பெற இயலாது. எழுத்துக்குப் பின்னணியாக மனிதர்கள் இந்தத் தற்செயலை நாடிய வரலாறு நீண்டது.

ஜப்பானியர் அதைச் சுமிநாகாஷி என்றனர். அசையாத நீரில் ஒரு துளி மை, அதன் நடுவே மையை விலக்கும் ஒரு துளி, மீண்டும் மை. வளையங்கள் விரிகையில் மெல்ல ஊதிக் கலைத்து, மேலே தாளைப் படியவைத்து எடுப்பார்கள். ஏறத்தாழ 1112இல் உருவான, கியோத்தோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்கு உரியதான, முப்பத்தாறு கவிஞர்களின் தொகைநூலில் இத்தகைய தாள்கள் உள்ளன. அங்கே கவிதை வெற்றுத் தாளில் அமரவில்லை. நீர் ஒருமுறை வரைந்த கோலத்தின் மீது அமர்ந்திருக்கிறது.

துருக்கியில் இதற்கு உறவான கலை எப்ரு. பிசின் கரைத்துக் கெட்டியாக்கிய நீரில், மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களை மிதக்கவிடுவது அதன் முறை. ஐரோப்பா இதைக் கற்றுக்கொண்டு புத்தகக் கட்டுமானத்தில் சேர்த்தது. பழைய பேரேடுகளின் உள்ளட்டையில் நம்மில் பலர் கண்டிருக்கும் பளிங்குக் கோலம் அதுவே. வண்ணம் பற்றுவதற்காக ஐரோப்பியப் பட்டறைகளில் தாளை முதலில் படிகார நீரால் நனைத்தார்கள். படிகாரமும் வேதியியலில் ஓர் உப்பே. வாழ்த்து அட்டையில் நிறத்தை விலக்கும் உப்பு, இங்கே நிறத்தைப் பிடித்துவைக்கிறது.

மறுமுறை கிட்டாமை என்ற அந்தக் குணத்தை இருவர் முற்றிலும் வேறுவிதமாகப் பயன்படுத்தினர். லாரன்ஸ் ஸ்டெர்ன் 1761இல் வெளியிட்ட ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நாவலின் மூன்றாம் பாகத்தில், கதைக்கு நடுவே ஒரு பளிங்குத் தாளை வைத்தார். ஓரங்களை மடித்து ஒரு புறத்தைத் தோய்த்து, உலர்த்தி, பின் மறுபுறத்தையும் தோய்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக. ஆகவே அந்த ஒரு பக்கம் மட்டும் எந்த இரண்டு வாசகருக்கும் ஒன்றாக இல்லை. 1775இல் அமெரிக்கக் காலனிகள் அச்சிட்ட இருபது டாலர் தாளுக்கு, பெஞ்சமின் பிராங்க்ளின் பளிங்குக் கோல விளிம்பு கொண்ட காகிதத்தைத் தந்தார். நாவலாசிரியருக்கு அது விளையாட்டு. அரசுக்கோ கள்ள நோட்டைத் தடுக்கும் காவல்.

இத்தனைக்கும், செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்கு எஞ்சவில்லை. செய்முறை பட்டறைகளின் ரகசியமாகவே காக்கப்பட்டது. 1853இல் லண்டனில் சார்லஸ் வுல்னஃப் அதை விளக்கமாக எழுதி அச்சேற்றினார். ஆனால் கைத்தொழிலின் இடத்தை எந்திர அச்சு பிடித்துக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. கதவு திறந்தபோது, உள்ளே கற்க வருவோர் குறையத் தொடங்கியிருந்தனர்.

இழப்பின் அளவை ஸ்டெர்னின் நாவலே காட்டும். பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையில், எல்லாப் படிகளிலும் ஒன்றாகவே அச்சாகியிருக்கிறது. படம் இருக்கிறது, அது சொல்லவந்த செய்தி இல்லை. வாசகன் தன் கையில் இருப்பது உலகில் ஒன்றே ஒன்று என உணரவேண்டிய இடம் அது.

உப்புத் தூவிய சிறு அட்டையைப் பெறுபவருக்கு அந்த உணர்வு இன்றும் கிட்டுகிறது. மை உலர்ந்தபின் பரல்களைத் தட்டிவிட்டு, அதன்மேல் ஒரு பெயரை எழுதினால் போதும். அதே அட்டையை இன்னொருவருக்கு அனுப்ப நம்மாலேயே முடியாது.