கையடக்கச் சதுரங்கப் பொறிகளும் அவற்றின் அகத்தெழுத்தும்

சதுரங்கம் ஆடும் பொறியொன்றினை ஆக்கவேண்டும் என்னும் ஆவல் மேனாட்டாரிடையே நெடுங்காலமாக நிலவிவந்தது. வியன்னா அரசவையிலே கெம்பலன் என்பவர் 1770-ஆம் ஆண்டிற் காட்டிய 'துருக்கன்' என்னும் பொம்மை, பல நாடுகளிலும் காண்போரை வியப்பில் ஆழ்த்தியபின், 1854-இல் பிலடெல்பியா நகரில் நெருப்புக்கு இரையாயிற்று. அதன் பெட்டியினுள் ஆட்டம் வல்லான் ஒருவன் ஒளிந்திருந்தான் என்பது இன்று யாவரும் அறிந்ததே. ஏமாற்றெதுவுமின்றி இயங்கிய முதற் பொறி, ஸ்பெயின் தேசத்துப் பொறியியலறிஞர் தொறெஸ் கெவெதோ ஆக்கி 1914-இற் பாரிசிற் காட்டியதாகும். அரசனும் கோட்டையும் கொண்டு எதிரியின் தனியரசனை வீழ்த்தும் இறுதி நிலையொன்றினையே அஃது ஆடவல்லதாயிருந்தது. அங்கே ஆடும் முறை பொறியின் உறுப்புக்களிலேயே பொதிந்து கிடந்தது; உறுப்புக்களை மாற்றியமையாது ஆட்டத்தை மாற்றுதல் இயலாது.

உள்ளங்கையில் அடங்கும் இலத்திரனியற் சதுரங்கப் பொறிகள் இதனின் முற்றும் வேறானவை. அவற்றிலே பொறி வேறு, அதனை ஆட்டுவிக்கும் எழுத்து வேறு. முன்னையதை வன்பொருள் என்றும் பின்னையதை மென்பொருள் என்றும் இக்காலத்தார் வழங்குவர். இப்பொறிகளின் வரலாற்றை வன்பொருளின் வளர்ச்சியாகவே கூறிச் செல்வோர் பலர். ஆயின் ஆழ்ந்து நோக்குமிடத்து, அஃது ஒருவகை நூலின் வரலாறேயாம் என்பது புலப்படும். அந்நூல் நூல்தானா என்னும் ஐயம் ஒருகால் நீதிமன்றம் வரைக்கும் சென்றமையும் இவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

அந்நூலுக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்கக் கணிதவறிஞர் குளோட் ஷனன் ஆவர். 1950-இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே அவர், ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் இயலும் எனக் கொண்டு, அவற்றையும் அவற்றிற்குரிய மறுமொழிகளையும் குறித்த ஆழம்வரை ஆராய்ந்து, ஈற்றில் வரும் நிலைகளுக்கு மதிப்பெண் இட்டு, சிறந்ததைத் தெரிதல் வேண்டும் என்றார். கொள்கை தெளிவாயிற்று, கருவியோ இடர்ப்பட்டது. 1956-இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஓர் அறையை அடைத்து நின்ற மானியாக் கணிப்பொறிகூட முழுப் பலகையை ஆளமாட்டாமையால், மந்திரிகளை நீக்கி, 36 கட்டங்களில் மட்டுமே ஆடிற்று.

இருபது ஆண்டுகளின் பின்னர் அதனிலும் நுண்ணிய ஒரு சில்லு முழுச் சதுரங்கத்தையும் ஆட முடிந்தது எங்ஙனம் என்னும் வினா இயல்பாகவே எழும். சில்லு விரைவுற்றமை ஒரு காரணம். மற்றொன்று எண்ணும் முறையில் அமைந்த சிக்கனம். நான்கு அடி ஆழத்துக்கு 30 வீதம் ஆராயின், 8,10,000 நிலைகள் தோன்றும். அவையனைத்தையும் ஒருங்கே எழுதிவைத்தல் வேண்டும் எனின், கையடக்கப் பொறி என்பது கனவாகவே முடிந்திருக்கும். ஆனால் ஒரு கிளையின் நுனிவரை சென்று மதிப்பிட்டு, வந்த வழியே மீண்டு, அடுத்த கிளையிற் புகுந்தால், தான் நிற்கும் வழி ஒன்றையே நினைவிற் கொள்ளுதல் போதும். எண்பது சொற்கள் எழுதக்கூடிய சிறு தாள் ஒன்றே அதற்குப் போதுமானது. இனி, வெள்ளையின் ஒரு நகர்த்தலுக்குக் கறுப்பின் ஒரு மறுமொழி வெள்ளை அரசியைக் கவர்ந்துவிடும் எனக் கண்டபின், எஞ்சிய 29 மறுமொழிகளை ஆராய்தல் வீண் அன்றோ? அவற்றை விடுத்துச் செல்லும் முறையினை ஆல்பா-பீற்றா என்பர். நல்ல நகர்த்தல்கள் முன்னரே எடுத்துக்கொள்ளப்படின், அவ் 8,10,000 நிலைகள் 1,799 ஆகச் சுருங்கும். விடையோ சிறிதும் மாறுவதில்லை. இதனினும் பெரிய சிக்கனம் வேறு எத்துறையிலும் காண்டல் அரிது.

1976-ஆம் ஆண்டு கனடா நாட்டின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த பீற்றர் ஜெனிங்ஸ், கிம்-1 என்னும் சிறு கணிப்பொறிக்கு 'மைக்கிரோசெஸ்' என்னும் செய்நிரலை எழுதினார். அக்கணிப்பொறியின் நினைவகம் 1,152 பைற்றுக்களே கொண்டது. பைற்று என்பது ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்கப் போதுமான இடம். எனவே சதுரங்கம் ஆடும் அறிவு முழுவதும் அரைப்பக்க அச்சினும் குறைந்த இடத்துள் அடங்கவேண்டியதாயிற்று. ஆட்டவிதிகளுட் சிலவற்றை விட்டுவிட நேர்ந்தமை வியப்பன்று. ஆடிற்று என்பதே வியப்பு. அடுத்த ஆண்டு, செவிப்புலக் கருவிகள் செய்துவந்த பிடெலிற்றி நிறுவனம், றொன் நெல்சன் எழுதிய நிரலுடன் 'செஸ் சலஞ்சர்' என்னும் பொறியை விற்பனைக்கு விட்டது. சதுரங்கத்துக்கெனவே செய்யப்பட்டுக் கடைகளில் விலைபோன முதற் பொறி அதுவாகும். அவசரத்தின் விளைவோ யாதோ, முதற் பொறிகளிற் பலகையின் எழுத்துக்களும் எண்களும் இடம்மாறிப் பொறிக்கப்பட்டிருந்தன.

இப்பொறிகளில் நினைவகம் இருவகைப்படும். ஆட்டத்தின் நிலை நொடிதோறும் மாறுவதாகலின், அது மாற்றியெழுதத்தக்க நினைவகத்தில் இருக்கும். பற்றரியைக் கழற்றின் அழியும். செய்நிரலோ தொழிற்சாலையிலேயே சில்லிற் பதிக்கப்பட்டு, வாசித்தற்கு மட்டும் உரியதாய், அழியாது நிற்கும். வழக்குத் தோன்றியது இவ்விரண்டாவது சில்லைப் பற்றியேயாம்.

டேற்றா காஷ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியார் ஒருவரைக் கொண்டு நிரல் எழுதுவித்து, 1977-இன் இறுதியில் 'கொம்பியூசெஸ்' என்னும் பொறியை வெளியிட்டது. மறு ஆண்டு ஜே.எஸ்.அன்ட்.ஏ. என்னும் நிறுவனம் ஹொங்கொங்கிலே செய்யப்பட்ட வேறொரு பொறியை விற்கத் தொடங்கிற்று. இரண்டின் சில்லுகளையும் ஆராய்ந்தபோது உள்ளிருந்த நிரல் ஒன்றாகவே காணப்பட்டது. 1979-இல் இலினோய் மாநிலத்து நடுவண் நீதிமன்றம் இதனைப் பதிப்புரிமை மீறல் அன்று எனத் தீர்த்தது. தாளில் எழுதிய நிரல் நூல் ஆகலாம். சில்லிற் பதித்தது மனிதக் கண்ணாற் படிக்கவொண்ணாதது. ஆகவே அது படியன்று, பொறியின் ஓர் உறுப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். துளையிட்ட இசைச்சுருள் இசையேட்டின் படியன்று என 1908-இல் அந்நாட்டு மேல்நீதிமன்றம் கூறிய பழைய கொள்கையின் நிழல் இதிற் படிந்திருந்தது.

தொறெஸ் கெவெதோவின் பொறிக்கு இத்தீர்ப்பு முற்றும் பொருந்தும். கொம்பியூசெஸுக்குப் பொருந்துமாறில்லை. அதன் சில்லு எவரும் வாங்கத்தக்க பொதுப்பொருள். அதனைச் சதுரங்கம் வல்லதாக்கியது ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய எழுத்தே. அவ்வேளையில் மற்றொரு பக்கத்தில் நிகழ்ந்ததை ஒப்புநோக்கின் முரண் தெளிவாகும். டான் ஸ்பிறக்லன், கேத் ஸ்பிறக்லன் என்னும் கணவனும் மனைவியும் எழுதிய 'சார்கன்', 1978 மார்ச்சில் சான் ஹோசே நகரிற் சிறு கணிப்பொறிகளுக்கென நடந்த போட்டியில் முதலிடம் பெற்றது. அந்நிரல் அவ்வாண்டிலேயே நூலாக அச்சிடப்பட்டது. புத்தகக் கடையில் அது நூல். பெட்டியினுள் இருந்திருப்பின் ஆணியோடும் திருகோடும் எண்ணப்பட்டிருக்கும்.

1980-இல் மேன்முறையீட்டு மன்று சில்லுப் பற்றிய வினாவைத் தீர்க்காது விடுத்து, விற்பனைப் பொருளிற் பதிப்புரிமைக் குறிப்பு இடப்படாமையால் உரிமை இழக்கப்பட்டது என வேறு காரணங் கூறி முடிவை மட்டும் நிலைநிறுத்தியது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்கச் சட்டம் செய்நிரலுக்கு வரைவிலக்கணம் தந்தது. சில்லிற் பதித்த நிரலும் காப்புக்குரியதே என ஆப்பிள் நிறுவனத்தின் வழக்கொன்றில் 1983-இல் மேன்முறையீட்டு மன்றொன்று தெளிவாக உரைத்தது.

அதன்பின் எழுதியோர் ஓரளவு துணிவுடன் உழைத்தனர் எனலாம். எனினும் பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயரோ வாகைசூடிய ஆட்டக்காரரின் பெயரோ மிளிர்ந்ததன்றி, நிரலாசிரியர் பெயரைத் தேடியே காணவேண்டியிருந்தது. ஒல்லாந்தரான பிறான்ஸ் மோர்ஷ் இதற்குச் சான்றாவர். 1990-களின் தொடக்கத்தில் ஹிற்றாச்சி நிறுவனத்து எச்-8 சில்லில், நிரலுக்கு 32 கிலோபைற்றும் ஆட்டநிலைக்கு 1 கிலோபைற்றும் மட்டுமே கொண்டு அவர் எழுதிய நிரல்கள், 'காஸ்பரோவ்' என்னும் பெயர் தாங்கி விலைபோயின. அவரே இணைந்து எழுதிய 'பிறிற்ஸ்' 1995-இல் ஹொங்கொங்கில் நடந்த உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியிலே, ஐ.பி.எம். நிறுவனம் அனுப்பிய பேராற்றல் வாய்ந்த பொறியை வென்று பட்டம் பெற்றது. குறுகிய இடத்துள் எழுதிப் பழகிய கை அது.

கையடக்கப் பொறியின் உடல் ஈற்றிற் சதுரங்கத்துக்கெனத் தனியே வேண்டப்படாததாயிற்று. 1997-இற் காஸ்பரோவை வென்ற டீப் புளூ நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. 2009-ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் புவனஸ் ஐரிஸ் நகரில் மனிதர் ஆடிய போட்டியொன்றிலே, சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்றில் இடப்பெற்ற 'பொக்கற் பிறிற்ஸ் 4', மார்க் யூனியாக்கே எழுதிய ஹயார்க்ஸ் நிரலைக் கொண்டு 10 ஆட்டங்களில் 9-ஐ வென்று ஒன்றைச் சமன் செய்தது. அஃது ஆராய்ந்தது நொடிக்கு 20,000 நிலைகளினும் குறைவே.