வளவு பொது, அறை தனி: செட்டிநாட்டு வீடுகளின் மராமத்து வரலாறு

முன்னுரை

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அவை கட்டப்பட்ட கதையையே சொல்கின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூ ஓடு என்று பட்டியல் நீளும். கட்டிய வீட்டை நூறாண்டு காத்தவர் யார், அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அந்த ஏற்பாடு எப்போது முறிந்தது என்ற கேள்விகள் அதிகம் எழுப்பப்படவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் உள்ள, செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தாரின் வீடுகளை இக்கட்டுரை அந்தக் கோணத்தில் அணுகுகிறது. அவை நலிவதற்குக் கட்டடத்தின் வயது முதற்காரணமன்று. அவற்றைத் தாங்கி நின்ற வருவாயும் உரிமை முறையும் மாறியதே முதற்காரணம் என்பது இதன் துணிபு.

வீட்டின் அமைப்பும் உரிமையும்

ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் இவ்வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு (உள்முற்றமும் அதைச் சூழ்ந்த தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள் அமையும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் திருமணமான மகன்களுக்கு உரியவை. நகரத்தார் வழக்கில் ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான். மணமான சிறிது காலத்தில் பெற்றோர் அவர்களை 'வேறு வைப்பர்': ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு.

ஆகவே இதை எல்லாமே பொதுவான கூட்டுக் குடும்பம் என்று கொள்வது பொருந்தாது. அடுப்பும் அறையும் தனி. முகப்பும் வளவும் கூரையும் பொது. பங்காளிகளின் பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்தப் பகுப்பே வேர்.

கடல் கடந்த வருவாய்

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் எங்கும் தொழில் நடத்தினர். பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. கட்டுமானச் செலவுக்கு மட்டுமல்ல, ஆண்டுதோறும் மராமத்துக்கும் இந்த வருவாயே கைகொடுத்தது.

ஆண்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்யப் போயினர். அந்தக் காலமெல்லாம் ஊரில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் பெண்கள். தானியம், புளி, மிளகாய் வாங்கிக் காயவைத்துச் சேமிப்பது, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைக் கணக்கோடு காப்பது, கொத்தனாரையும் தச்சரையும் வரவழைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூட்டுவது, துடைப்பது, நீர் இறைப்பது போன்ற வேலைகளைச் செய்தவர்கள் ஊரின் பிற சாதிகளைச் சேர்ந்த ஏவலாட்கள். கட்டியவரின் பெயர் முகப்பில் நிற்கிறது. காத்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

மராமத்தின் நுட்பம்

இவ்வீடுகளின் உயிர் கூரையில் இருக்கிறது. கையால் செய்த நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக மேய்ந்த கூரை வளவை நோக்கிச் சரியும். மழைநீர் முற்றத்தில் விழுந்து அண்டாக்களிலும் கிணற்றிலும் சேரும், மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும். குரங்கு ஓடினாலோ தேங்காய் மட்டை விழுந்தாலோ ஓடு நகர்ந்துவிடும். அதனால் ஐப்பசி மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் நீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பரில் இறங்கும்; பிறகு கைமரம் உளுக்கும், கரையான் ஏறும், கடைசியில் சுவர்த் தலைப்பு கரையும். சில ஓடுகளோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஒரு கட்டு முழுவதையும் கேட்கும்.

சுவரின் கதை வேறு. சுண்ணாம்பைப் பல படலமாகப் பூசி, மேற்படலத்தில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டியதில்லை, துடைத்தாலே பளபளக்கும். ஆனால் விரிசலை சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பூச்சும் உப்பி உதிரும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அருகிவரும் இன்று, பழுதுபார்ப்பே பழுதாகிவிடும் இடம் இது.

முறிவு

1930இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. பணம் நிலமாக முடங்கியது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில தேசியமயச் சட்டம்; பர்மிய முதல் பெருமளவு கைவிட்டுப் போயிற்று. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் பெருகின.

உரிமையோ பெருகிக்கொண்டே சென்றது. தலைமுறைக்கு மூன்று ஆண் வாரிசு என்று கொண்டால், மகன்களிடம் 3 ஆக இருந்த பங்கு பேரன்களிடம் 9, கொள்ளுப் பேரன்களிடம் 27. குடும்பம் வசிக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. நீதி அந்தத் திருத்தத்தின் பக்கமே. வீட்டைப் பேணும் வேலையில் தலைமுறைகளாகப் பங்கேற்ற பெண்களுக்குச் சட்டம் காலம் தாழ்த்தி அளித்த பங்கு அது. ஆனால் யார் பங்காளி என்று சொல்லும் சட்டம், யார் ஓடு மாற்றுவது என்று சொல்வதில்லை.

இன்றைய வழிகள்

பங்காளிகள் ஒத்துப்போகாத வீடு சரிகிறது அல்லது பிரித்து விற்கப்படுகிறது. அதன் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி போன்ற ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. சில, திரைப்படப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. அது பெருமைதான், கூரைச் செலவுக்கு ஈடாகாது.

முடிவுரை

செட்டிநாட்டு வீடு மூன்று கால்களில் நின்றது: கடல் கடந்த வருவாய், ஊரில் தங்கிய பெண்களும் ஏவலாட்களும் செய்த உழைப்பு, கணக்கில் அடங்கும் பங்காளிகள். மூன்றும் போனபின் பாசத்தால் மட்டும் வீடு நிற்காது. பங்காளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறைகளுக்கு எழுதும் பாகப் பத்திரத்தைப் போலவே, பொதுவான கூரைக்கும் வளவுக்கும் ஒரு மராமத்து உடன்படிக்கை எழுத வேண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பங்குக்கு ஏற்ற ஆண்டுச் சந்தாவும், செலவு செய்ய அதிகாரம் பெற்ற ஒருவரும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் முதல் செலவு ஓட்டுக்கு. வண்ணப்பூச்சும் விளக்கும் பிறகு.