பொதுப் பரீட்சை (தமிழ்நாடு)

பள்ளிப் படிப்பின் ஒரு கட்டத்தை மாணாக்கர் செவ்வனே முடித்தனரா என்பதை, அவர்களுக்குக் கற்பித்தவரல்லாத பிறர், மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரே வினாத்தாளைக் கொண்டு ஒரே வேளையில் சோதித்தறியும் முறை பொதுப் பரீட்சை எனப்படும். மலையடிவாரத்தில் பச்சையாற்றுப் பாசனத்தில் அமைந்த களக்காட்டிலும், தலைநகராகிய சென்னையிலும், முத்திரையிட்ட வினாத்தாள் கட்டு ஒரே நேரத்தில் பிரிக்கப்படுவதும், திருத்துபவர் எழுதியவரின் குலமோ ஊரோ அறியாதிருப்பதும் இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறியாமையே பெரும் பாதுகாப்பாக இருந்துவந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், படித்ததை அளப்பதற்கென்று வந்த பரீட்சை, எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டாம் என்று விதிக்கும் அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டது.

1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சை, கல்லூரிக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் வாயிலாயிற்று. இங்கிலாந்தில் 1862-இல், பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன் தேறிய அளவுக்கேற்பப் பள்ளிக்கு மானியம் தரும் ஏற்பாடு வந்தபோது, தாமே பள்ளி இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அதனை வன்மையாகக் கண்டித்தார். இருந்தும் அவ்வழக்கம் கடல் கடந்து சென்னை மாகாணத்திலும் வேரூன்றியது. 1904-ஆம் ஆண்டு கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட கல்வித் தீர்மானம் பரீட்சையின் ஆதிக்கத்தைக் குறைகூறியது. அதற்குப் பின்னரும், கணிதத்தில் ஈடிணையற்றிருந்த ராமானுஜன், ஏனைய பாடங்களில் தேறாமையால் 1907-இல் எப்.ஏ. என்னும் கல்லூரிப் பரீட்சையில் தோல்வியுற்றார்.

1911-ஆம் ஆண்டையொட்டி வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஏனெனில், மெட்ரிகுலேஷனின் கடுமையைத் தணிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. மாணாக்கன் பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் அத்திட்டத்தின்படி தரப்பட்ட சான்றிதழ்ப் புத்தகத்தில் பதியப்பட்டன. ஒரு நாள் எழுத்தையன்றி, பல நாள் உழைப்பையும் கண்டு முடிவு செய்க என்பதே அதன் கருத்து. அக்கருத்து மங்கி, பொதுப் பரீட்சை எண் ஒன்றே நிலைத்தது. சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, வெளிப் பரீட்சைகளைக் குறைத்து, பள்ளிப் பதிவேட்டுக்கு மதிப்பளிக்க வேண்டுமென்று மறுபடியும் சொல்ல நேர்ந்ததே அதற்குச் சான்று.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், பன்னிரண்டாம் வகுப்பின் பொதுப் பரீட்சை மதிப்பெண்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழிவிடும் முக்கியச் சாவியாயின. பதினோராம் வகுப்புக்குப் பொதுப் பரீட்சை இல்லாமையால், பல தனியார் பள்ளிகள் அவ்வாண்டுப் பாடத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகளும் உருப்போட வைத்தன. முழு மதிப்பெண்ணைக் குறிக்கும் ‘சென்டம்’ என்பது பள்ளிகளின் விளம்பரமாயிற்று. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டிய நெருக்கடியில், மெல்லக் கற்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துக்கட்டும் கொடுமையும் நேர்ந்தது. இதைவிட வேதனை தருவது இவ்வரலாற்றில் வேறில்லை.

களக்காட்டில், வாழைத்தோட்டக் கூலிக்குச் செல்லும் ஒரு தாயின், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை எண்ணிப் பார்ப்போம். தை பிறந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். ஓவிய வகுப்பு அட்டவணையில் மட்டும் இருக்கும். ‘கிராஃபும் ஜாமெட்ரியும் போட்டால் 16 மார்க், அப்புறம் புக்-பேக் ஒன் வேர்ட்’ என்று தேர்ச்சிக்குரிய 35-ஐ எட்டும் வழி அவளுக்குச் சொல்லித்தரப்படும். கோட்டை ஏன் அங்கே வரைகிறோம் என்று கேட்க அவளுக்கும் நேரமில்லை, சொல்ல ஆசிரியருக்கும் நேரமில்லை. ஆசிரியர் அன்பில்லாதவர் அல்லர். அவளைத் தேற்றிவிட வேண்டுமென்ற தவிப்பே அவரை அப்படிச் செய்விக்கிறது.

2017-ஆம் ஆண்டு பல மாறுதல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. முதல் மூன்று இடங்களை அறிவித்துப் படமெடுத்துக் கொண்டாடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. மாணாக்கர் மனத்துக்கு அது செய்த நன்மை பெரிது. அவ்வாண்டே, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியிருந்த நுழைவுத் தேர்வு, நீட் என்னும் அகில இந்தியப் பரீட்சையாய் மருத்துவக் கல்விக்குத் திரும்பி வந்து, பயிற்சிக்காகத் திருநெல்வேலி போய்வர வழியில்லாத களக்காட்டுப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளியது. 2020-இல் அரசுப் பள்ளி மாணாக்கருக்கென 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டமை அந்தக் காயத்துக்கு இட்ட மருந்து. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை என்று 2019-இல் வந்த ஆணை, பெற்றோரின் எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் ரத்தாயிற்று.

பதினோராம் வகுப்புப் பாடம் புறக்கணிக்கப்படுவதைத் தடுக்க 2017-18-இல் கையாண்ட பரிகாரமும் இன்னொரு பொதுப் பரீட்சையே. பிள்ளைகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டுகள் இடைவிடாமல் பொதுப் பரீட்சை எழுதினர். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை நீக்கப்பட்டது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து நடத்துவது இப்பொழுது மீண்டும் அந்தந்தப் பள்ளியின் பொறுப்பாகியிருக்கிறது.