திருகாணித் தலையில் ஓர் எழுத்து

கல்வெட்டுகளையும் ஏடுகளையும் பற்றிப் பேசிப் பழகிய நண்பர்கள் நடுவே ஒரு பழைய ராணுவ ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துவது விபரீதமாகத் தோன்றலாம். கோவைக்கு அருகே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் சில நாட்களைக் கழிக்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்தக் கொட்டகையில் என் நண்பர் வாங்கிய ஜீப் கட்டைகளின் மேல் சக்கரமின்றி நின்றுகொண்டிருந்தது. '1947ஆம் வருஷத்து வில்லீஸ், ஒரே கை வண்டி' என்று சொல்லித் தரகர் தள்ளிவிட்ட வண்டி. ஆர்.சி. புத்தகமும் அதையே சொன்னது. ஆனால் அந்த இரண்டு கூற்றுகளில் எதுவும் உண்மையில்லை என்பது ஒரு கம்பித் தூரிகையும் ஒரு கைவிளக்கும் கொண்டு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல, முதலில் 1940ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லக்கூடிய, எடை குறைந்த உளவு வண்டி ஒன்று வேண்டும். மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில், மூடுவிழாவை எதிர்நோக்கியிருந்த அமெரிக்கன் பான்டம் என்ற சிறு நிறுவனம் அவற்றில் ஒன்று. கெடுவுக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டது அது மட்டும்தான். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டே நாட்களில் அடிப்படை வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடியச் சற்று நேரமே இருக்கையில், மேரிலாந்தில் இருந்த ஹோலாபேர்டு ராணுவ முகாமுக்குள் அந்த முதல் வண்டி நுழைந்தது.

படைத்தவனுக்குப் பலன் கிடைக்கவில்லை. அத்தனை வண்டிகளைச் செய்து தரும் வலு பான்டத்துக்கு இல்லை என்று ராணுவம் கருதியது. வரைபடங்கள் வில்லீஸ் ஓவர்லாண்டு, ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின. 60 குதிரைத்திறன் கொண்ட நல்ல எஞ்சினை வைத்திருந்த வில்லீஸுக்கு 1941இல் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. தேவை பெருகவே அதே வண்டியை அச்சுப் பிசகாமல் செய்யும் பொறுப்பு ஃபோர்டுக்கும் தரப்பட்டது. போர் முடிவதற்குள் வில்லீஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளையும் ஃபோர்டு ஏறத்தாழ 2,80,000 வண்டிகளையும் செய்தன. பான்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அந்நிறுவனம் ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் சிறு வண்டிகளைச் செய்து காலம் தள்ளியது. கோபுரம் கட்டிய சிற்பியின் பெயர் தெரியாமல் கொடை கொடுத்தவரின் பெயர் மட்டும் நிற்பது நமக்குப் பழக்கமான கதைதானே!

இரண்டு நிறுவனங்களும் ஒரே வண்டியைச் செய்தன என்றேன். ராணுவத்தின் கட்டளையும் அதுவே: ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும். ஆயினும் ஃபோர்டுக்காரர்கள் தம் உறுப்புகளில் சிறிய அடையாளம் ஒன்றை இட்டுவந்தார்கள். திருகாணித் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்து! எங்கள் கைவிளக்கின் வெளிச்சத்தில் துருவுக்கடியிலிருந்து முதலில் எட்டிப்பார்த்தது அந்த எழுத்துதான். ஆனால் திருகாணியை யாரும் எங்கிருந்தும் கொண்டுவந்து மாட்டலாம். சேஸிஸைப் பார்க்க வேண்டும். முகப்பில் ரேடியேட்டருக்கு அருகே இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச்சட்டம் வில்லீஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டில் பட்டையான பெட்டி வடிவில் இருக்கும். இதில் இருந்தது பட்டை. வில்லீஸ் தன் எண்ணைத் தகட்டில் பொறித்துச் சட்டத்தின் உட்புறத்தில் அறைந்தது. ஃபோர்டு இடப்பக்கச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே எண்ணைக் குத்தியது. தூரிகையால் தேய்த்ததும் எண் மேற்பரப்பில் எழுந்து வந்தது. ஆக, வில்லீஸ் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் அழைக்கப்பட்ட அந்த வண்டி பிறப்பால் ஃபோர்டு. 1947 என்பது அது பிறந்த ஆண்டும் அன்று. போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட பிறகு பதிவு செய்யப்பட்ட ஆண்டு.

இந்தியாவில் இருக்கும் போர்க்கால ஜீப்புகள் பலவற்றின் கதை இதுதான். பர்மாப் போர்முனைக்காக வந்தவை அவை. இம்பால், கோஹிமா மலைப்பாதைகளில் 1944இல் ஓடியவை. பர்மாவில் ரயில் எஞ்சின்கள் கிடைக்காதபோது இரும்புச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்தவையும் உண்டு. போர் முடிந்ததும் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்ற சொல் அப்போது தமிழில் நுழைந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது படைகளோடு படைத்தளவாடங்களும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன.

பழைய ராணுவ ஜீப்பை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வதில் என் நண்பருக்கு முன்னோடி நம் அரசாங்கமே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்த 1948இல், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறைகளை மீறி ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தார். மதிப்பு ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய். பெருந்தொகை முன்பணமாகவே தரப்பட்டது. வந்து இறங்கியவை 155 வண்டிகள் மட்டுமே. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் குறிக்கப்படும் அந்த விவகாரத்தை 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் முடிந்துபோனதாக அறிவித்தார். பழைய ஜீப் வாங்குவோர் சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

கொட்டகைக்குத் திரும்புவோம். வண்டியின் பெயிண்டைச் சுரண்டத் தொடங்கியபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பமாயிற்று. மேலே கறுப்பு. அதன் கீழே ஒரு நீலம். அதற்கும் கீழே செந்நிறம். அதில் பாதி அழிந்த தமிழெழுத்துகள் சில. மலைத்தோட்டம் ஒன்றின் பெயராக இருக்கலாம். அதற்கும் அடியில் ராணுவப் பச்சை; பானெட்டின் பக்கவாட்டில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணின் மிச்சம். பிரித்தானியப் படைகள் ஜீப்புகளுக்கு இட்ட முன்னெழுத்து அது. அமெரிக்காவில் பிறந்து ஆங்கிலேயப் படைக்கு வந்து, மலையில் தேயிலையோ காப்பியோ சுமந்து, கடைசியில் சமவெளியில் தேங்காய் ஏற்றிய ஒரு வாழ்க்கை. நான்கு பூச்சுகளில் நான்கு காலங்கள்!

டிங்கர் வேலைக்கு வந்திருந்த பெரியவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை கலர் இருக்குதுங்களே, இதுல எதைங்க வைக்கிறது?"

நண்பரிடம் விடை தயாராக இருந்தது. 1944இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான். சரியான ஆலிவ் பச்சை, ஆறு வோல்ட் மின்னிணைப்பு, எஞ்சினின் மேல் வெளிச்சம் விழும்படி பின்பக்கம் திருப்பக்கூடிய முகப்பு விளக்கு, ஒன்பது பிளவுகள் கொண்ட முன் கிரில், 'எஃப்' எழுத்துள்ள திருகாணிகள். இவற்றைத் தேடி அவர் காயலான் கடைகளில் அலைந்த கதையைத் தனியாகவே எழுதலாம். கிடைக்காதவற்றை வாங்கவும் வழியுண்டு. பிலிப்பைன்ஸில் செய்யப்படும் புதிய தகட்டு உடல்கள் பல நாடுகளுக்குப் போகின்றன.

ஆனால் தொழிற்சாலை நிலை என்பது அந்த வண்டியின் வாழ்வில் எத்தனை நாள்? கப்பலேறும்வரை மட்டும்தான். போர்க்களத்தில் ராணுவம் அதை எப்படி நடத்தியது? எஞ்சின் பழுதானால் கழற்றி வீசிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள். அது வில்லீஸா ஃபோர்டா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பார்க்கத் தேவையில்லாதபடிதான் வண்டியே வடிவமைக்கப்பட்டது. ஃபோர்டு தன் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் ஒரே எண்ணை இட்டு அனுப்பியது உண்மையே. போர் முடிந்தபோது எத்தனை வண்டிகளில் அந்த இரண்டு எண்களும் ஒத்திருந்திருக்கும்? உறுப்பு மாறுவதே இந்த வண்டியின் இயல்பு. இன்று அதைச் சேகரிப்போர் 'உறுப்பு மாறாத வண்டி' தேடி அலைகிறார்கள்.

இந்தத் தேடலுக்கு விலையும் உண்டு, ஆபத்தும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் காக்கப்படும் வண்டிகளுக்கு அவை பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். நல்ல விதிதான். ஆனால் நம்மூர் ஜீப்புகளில் எஞ்சின் மாறாதவை எத்தனை? பெட்ரோல் செலவு தாளாமல் டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்ட தலைமுறை அது. நண்பரின் வண்டியிலும் டீசல்தான் இருந்தது. அவர் தேடிப் பிடித்த பெட்ரோல் எஞ்சின் வேறொரு ஃபோர்டு ஜீப்பினுடையது, எண் பொருந்தாது. விற்றவரே வழியும் சொன்னார்: "பழைய நம்பரை உரசிட்டு உங்க சேஸிஸ் நம்பரையே குத்திக் குடுத்தர்றனுங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

அதைக் கேட்டபோது எனக்குப் போலிச் செப்பேடுகள் நினைவுக்கு வந்தன. பழைய மன்னரின் பெயரால் பின்னாளில் யாரோ வெட்டி, நில உரிமைக்குச் சான்றாக நீட்டிய ஏடுகள் எத்தனை! எழுத்தமைதி அவற்றைக் காட்டிக்கொடுக்கும்வரை அவையும் 'ஒருவருக்கும் தெரியாது' என்ற நம்பிக்கையில் பிறந்தவைதாம்.

இன்னொரு யோசனையும் வந்தது. உடலை மணல்வீச்சுக்கு அனுப்பிவிட்டால் நான்கு பூச்சுகளும் ஒரே பொழுதில் போய்விடும். தகடு வெள்ளிபோல் மின்னும். தமிழகக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் இதே மணல்வீச்சு செய்த வேலையை நாம் அறிவோம். தூண்கள் மின்னின, கல்வெட்டுகள் மழுங்கின.

ஆனால் திருப்பணிக்கு வேறொரு முன்னுதாரணமும் நம்மிடம் இருக்கிறது. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் அதன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். புதிய விமானம் எழுந்த பின், இராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. இவை முன்னிருந்தவற்றின் படிகள் என்பதும் மறைக்கப்படவில்லை. புதுப்பிக்கக் கூடாது என்று அவர்கள் எண்ணவில்லை. அழிக்கப்போவது இன்னதென்று எழுதி வைக்காமல் அழிக்கக் கூடாது என்றே எண்ணினார்கள்.

இதை நண்பரிடம் சொன்னபோது, "கோயிலையும் ஜீப்பையும் ஒண்ணாக்காதீங்க" என்று சிரித்தார். மறுநாள் காலையில் நான் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தகடாகக் கழற்றி, படமெடுத்து, எந்தப் பூச்சின் கீழ் எது இருந்தது, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வண்டி இப்போது ஆலிவ் பச்சையில் நிற்கிறது. அடையாளத் தகடுகள் புதியவை. புதியவை என்று நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சின் தன் சொந்த எண்ணோடே இருக்கிறது. வி.ஏ. பதிவு கிடைக்குமா என்பது ஆய்வுக் குழுவின் முடிவைப் பொறுத்தது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்.

பானெட்டைத் திறந்தால் உட்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பச்சை பூசப்படவில்லை. அங்கே கறுப்பும் நீலமும் செந்நிறமும் பழைய ராணுவப் பச்சையும் படிப்படியாகத் தெரியும்படி டிங்கர் பெரியவர் பொறுமையாகத் தேய்த்து விட்டிருக்கிறார். எந்தக் கலரை வைப்பது என்று கேட்டவர் அவர்தான். கடைசியில் அவர் கைதான் எல்லாவற்றையும் வைத்துவிட்டிருக்கிறது.