காதுக்குள் சேர்ந்த இரண்டு மரபுகள்

கம்பியின்றி இரு காதுகளிலும் தனித்தனியே செருகிக்கொள்ளும் இயர்பட்ஸ் இன்று பாட்டுக் கேட்பதற்கும் தொலைபேசியில் பேசுவதற்கும் மட்டுமன்றி, அணிந்திருப்பவரின் இதயத்துடிப்பை எண்ணுவதற்கும், செவித்திறனைச் சோதிப்பதற்கும், கேட்கும் திறன் குறைந்தவருக்குப் பேச்சொலியை உரத்துத் தருவதற்கும் பயன்படுகிறது. கடைகளில் இவ்வசதிகள் எல்லாம் நேற்றுப் பிறந்த புதுமைகளாகவே காட்டப்படுகின்றன. உண்மையில் ஒலியைக் காதுக்குக் கொண்டுசேர்க்கும் கருவிகளின் மரபு ஒன்றும், உடலின் நிலையைக் காதைக் கொண்டு அறியும் கருவிகளின் மரபு மற்றொன்றுமாக இரண்டு மரபுகள் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் ஒரே கூட்டுக்குள் வந்து சேர்ந்தன. அவை சேர்ந்த விதத்தையும், முதல் முறை சேர்ந்தபோது நிலைக்காமல் போன காரணத்தையும் அறிந்தவருக்கே, இத்தகைய கருவிகளுள் எதைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வி தெளிவாகும்.

பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ரெனே லென்னக் என்ற மருத்துவர், 1816-இல், நோயாளியின் மார்பில் காதை நேரே வைப்பதற்குப் பதிலாகத் தாளை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, அதன் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டபோது, இதயத்தின் ஓசை முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதை உணர்ந்தார். பின்னர் அக்குழலை மரத்தில் கடைந்து, 1819-இல் வெளியிட்ட நூலில் நெஞ்சின் ஒலிகளை நோய்களோடு பொருத்தி விளக்கினார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுவே. அதே ஆண்டுகளில், லண்டனில் 1800-இல் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் ரெய்ன், காது கேளாதோருக்கான செவிக்குழல்களை, அதாவது அகன்ற வாயால் ஒலியைத் திரட்டிக் குறுகிய முனை வழியே காதுக்குள் செலுத்தும் புனல் வடிவக் குழல்களை, செய்து விற்றார். போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்காக 1819-இல் அவர் செய்த அரியணையின் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கமுகங்களாக முடிந்தன; மன்னரிடம் பேச வந்தவர் மண்டியிட்டு அச்சிங்கங்களின் வாயில் பேச, ஒலி உள்ளே பதித்த குழாய்களின் வழியே மன்னரின் செவியை எட்டியது. குழல் ஒலியைச் சிதறாமல் காதுக்குக் கொண்டுசெல்லும் என்ற ஒரே இயற்பியல் உண்மை, ஒருபுறம் பிறர் உடலைக் கேட்கவும் மறுபுறம் பிறர் பேச்சைக் கேட்கவும் உதவிய அந்தக் காலத்திலேயே இரண்டு மரபுகளும் பிரிந்துவிட்டன.

தொலைபேசி வந்த பிறகு முதல் மரபு வேகமெடுத்தது. 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமோ ஆதேர், ஒப்பேரா அரங்கின் இசையைக் கம்பி வழியே கொண்டுவந்து, இரு காதுகளுக்கும் தனித்தனிக் கேட்பான் கொடுத்துப் பார்வையாளரைக் கேட்கச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1891-இல், பிரெஞ்சுப் பொறியாளர் எர்னஸ்ட் மெர்காடியே பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இவ்வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது. காதுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளும் அவருடைய இரட்டைக் கேட்பானின் எடை 50 கிராமுக்கும் குறைவு. காது உராய்ந்து புண்படாமலும் வெளியிரைச்சல் உள்ளே வராமலும் இருக்க, நுனியில் ரப்பர் உறையும் உண்டு. எடை, காதில் அமரும் விதம், வெளியொலியை அடைத்தல் ஆகிய மூன்றும், இன்று இயர்பட்ஸ் வாங்குவோர் முதலில் பார்க்கும் மூன்றுமே, அந்த ஒரு காப்புரிமையில் அடங்கியிருப்பது வியக்கத்தக்கது. தலையில் மாட்டும் ஹெட்போனோ 1910 அளவில் யூட்டா மாநிலத்தின் நத்தானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பியவற்றிலிருந்து பரவியது.

காது கேட்கும் கருவியின் வளர்ச்சி இதனோடு ஒட்டியும் விலகியும் நடந்தது. 1898-இல் அலபாமாவைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன், கரி ஒலிவாங்கியைக் கொண்டு மின்சாரத்தால் இயங்கும் கருவியைச் செய்தார். 1920களில் வெற்றிடக் குழல், அதாவது பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்த வால்வு, ஒலியைப் பெருக்கும் பணியை ஏற்றது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை முதலில் விலைக்கு வந்த நுகர்பொருளாக்கியது வானொலித் தொழில் அன்று. 1952 டிசம்பரில் சோனோடோன் நிறுவனம் வெளியிட்ட காது கேட்கும் கருவியே அது. காது கேளாதோருக்குக் கற்பிப்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக, இக்கருவிகளுக்கு மட்டும் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்படவில்லை. ஆனால் கருவி சிறுக்கச் சிறுக்க அதை மறைக்கும் ஆவலும் வளர்ந்தது. 1950களின் நடுவில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே கருவியைப் பதித்து விற்றார்கள். பிறகு காதுமடலின் பின்னாலும், அதன் பிறகு காதுத்துளையின் உள்ளேயும் அதை ஒளித்தார்கள். அணிந்திருப்பது தெரியக் கூடாது என்பதே பல பத்தாண்டுகள் இத்தொழிலின் முதல் விளம்பரச் சொல்லாக இருந்ததால், கேட்கும் திறன் குறைவது நாணத்தக்கது என்ற எண்ணத்தை அத்தொழிலே வளர்த்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. பார்வைக் குறைவுக்கு அணியும் கண்ணாடிக்கு அந்த அளவுக்கு அந்த நிலை வரவில்லை.

இசைக்கான கருவிகளோ எதிர்த்திசையில் சென்றன. ஜான் காஸ் 1958-இல் மில்வாக்கியில் அறிமுகம் செய்த ஸ்டீரியோ ஹெட்போனும், 1979 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த வாக்மனும், 2001-இன் ஐபாடோடு வந்த வெள்ளைக் கம்பியும் பிறர் கண்ணில் படும்படியே அணியப்பட்டன.

உடலை அறியும் மரபு காதை விட்டு அகன்றதும் திரும்பியதும் இன்னும் சுவையான வரலாறு. காதுமடலின் நுனி மெல்லியது. ஒளி அதை ஊடுருவும். எலும்பும் தசையும் அங்கே இல்லை. குருதியோட்டமோ நிறைய உண்டு. ஆகவே, குருதி எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது என்பதை ஊசி குத்தாமல் அறிய விரும்பியவர்கள் முதலில் காதைத்தான் நாடினார்கள். ஆக்சிஜன் ஏறிய குருதியும் ஏறாத குருதியும் செந்நிற ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன என்ற உண்மையைக் கொண்டு, 1935-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் மாத்தெஸ் இரு நிற ஒளிகளைக் காதின் வழியே செலுத்தி அளந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரத்தில் பறக்கும் விமானிகள் ஆக்சிஜன் குறைந்து மயங்கும் ஆபத்தை முன்னறிவதற்காக, கிளென் மில்லிகன் காதில் மாட்டும் இலேசான கருவி ஒன்றைச் செய்து, அதற்கு ஆக்சிமீட்டர் என்று பெயரும் வைத்தார். இதற்கிடையே 1937-இல் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் முறையை விளக்கினார். இன்றைய கைக்கடிகாரங்களின் அடியில் மின்னும் பச்சை ஒளி அம்முறையின் வழித்தோன்றலே.

இந்த இரண்டையும் இணைத்தவர் டோக்கியோவின் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தகுவோ அஓயாகி. நாடித்துடிப்பால் ஒளியில் ஏற்படும் சிறு அசைவைப் பிறர் அளவைக் கெடுக்கும் இடையூறாகக் கருதி நீக்க முயன்றிருக்க, தமனிக் குருதியை மட்டும் பிரித்து அறிய அந்த அசைவே வழி என்று 1970களின் முற்பகுதியில் அவர் கண்டுகொண்டார். அந்த நிறுவனம் 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியும் காதில் மாட்டுவதாகவே இருந்தது. அதன் பிறகே விரல்நுனியில் கவ்வும் வடிவம் எளிதென்று கண்டு மருத்துவமனைகள் அதை ஏற்க, காது கைவிடப்பட்டது. கொரோனாக் காலத்தில் வீடுதோறும் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரின் மூதாதை, இவ்வாறு ஒரு காதணி.

இந்த மரபுகள் சந்திப்பதற்கு இன்னும் இரண்டு தடைகள் நீங்க வேண்டியிருந்தது. முதலாவது கம்பி. ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் 1994-இல் யாப் ஹார்ட்சன் தொடங்கிய குறுந்தொலைவு வானொலி இணைப்பு, பத்தாம் நூற்றாண்டு டேனிய மன்னர் ஒருவரின் பட்டப்பெயரால் புளூடூத் என்று பெயர் பெற்று, 1998 முதல் பல நிறுவனங்களின் பொதுத் தரமாயிற்று. ஆயினும் அது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் மிகுந்த மனிதத் தலை பெரிதும் உறிஞ்சிவிடுவதால், ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு அதை அனுப்புவது எளிதாக இல்லை. இதற்குத் தீர்வு காது கேட்கும் கருவிகளிடமிருந்தே வந்தது. அண்மைக் காந்தப்புலத் தூண்டல் என்ற முறையில், மிகக் குறைந்த தொலைவுக்கு மட்டும் தலையை ஊடுருவிச் செல்லும் காந்த அலையால் இரு கருவிகளும் பேசிக்கொள்ளும் வழக்கம் அவற்றில் முன்பே இருந்தது. இரண்டாவது தடை மின்கலம்; அதை முதல் முயற்சிகளே காட்டின.

2014-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து பிராகி நிறுவனம், தன் ‘டேஷ்’ என்னும் கருவிக்காகப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியபோது 33 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. இரண்டு தனிக் கூடுகள், உள்ளேயே 4 ஜிகாபைட் இசைச் சேமிப்பு, ஒளியால் இதயத்துடிப்பை எண்ணும் உணரி, தலையசைவை அறியும் உணரி, இரு காதுகளுக்கும் இடையே மேற்சொன்ன காந்த இணைப்பு என்று பத்தாண்டுகள் கழித்து இயல்பாகப் போகும் ஏறத்தாழ எல்லாமும் அதில் இருந்தன. அதே ஆண்டில்தான் இத்தகைய கருவிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஹியரபிள்’ என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. டேஷ் வாங்கியவர்கள் கையில் 2016 தொடக்கத்தில்தான் கிடைத்தது. அதன் மின்கலம் சுமார் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதே 2016-இல் சாம்சங் வெளியிட்ட கியர் ஐகான்எக்ஸ், இதயத்துடிப்பு உணரியோடு, தொலைபேசியிலிருந்து வரும் இசையை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஒலித்தது. அடுத்த பதிப்பில் சாம்சங் செய்தது இவ்வரலாற்றின் திருப்புமுனை என்று கொள்ளலாம்: உணரியை எடுத்துவிட்டது, ஒலிக்கும் நேரத்தை ஐந்து மணி நேரமாக உயர்த்தியது. பிராகி 2019-இல் கருவி செய்யும் தொழிலையே விட்டது. உடலை அளக்கும் ஆவல் பொய்யானதால் இத்தோல்வி நேரவில்லை. சில கிராம் எடையுள்ள கூட்டுக்குள் இருக்கும் மின்சாரம் இரண்டு எசமானர்களுக்குப் போதவில்லை என்பதே காரணம்.

இடைப்பட்ட காலத்தில் வென்றது, உணரி ஏதும் துடிப்பை எண்ணாத, ஏர்பாட்ஸ் என்னும் எளிய இயர்பட்ஸ். 2016 செப்டம்பரில், அதே நிறுவனம் தன் தொலைபேசியின் ஹெட்போன் துளையை நீக்கிய அறிவிப்போடு சேர்ந்தே அறிமுகமான அது, ஒவ்வொன்றும் 4 கிராம் எடையில் ஐந்து மணி நேரம் ஒலித்ததோடு, வைத்த பெட்டியிலேயே மீண்டும் மீண்டும் மின்னேற்றம் பெற்றது. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே காப்புரிமை பெற்றதும், வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸின் நிறுவனம் 1989-இல் விமானிகளுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்ததுமான இரைச்சல் நீக்கம், அதாவது வெளியொலியை ஒலிவாங்கியால் பிடித்து அதற்கு நேரெதிர் அலையை எழுப்பி அடக்கும் முறை, 2019 அளவில் இச்சிறு கூடுகளிலும் பரவலாயிற்று. அதற்காகக் காதுத்துளைக்குள் வைத்த ஒலிவாங்கிகளும், விரைந்து கணக்கிடும் சில்லுகளுமே பின்னர் செவித்துணைக்கும் அடித்தளமாயின.

அமெரிக்க நாடாளுமன்றம் 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி, மிதமான செவிக்குறைவுள்ள பெரியவர்கள் மருத்துவர் சீட்டின்றிக் கடையிலேயே காது கேட்கும் கருவி வாங்கும் விதி 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த வாயில் திறந்ததால், 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் ப்ரோவின் இரண்டாம் தலைமுறைக்கான செவித்துணை மென்பொருளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதிக்க முடிந்தது; 118 பேரிடம் நடத்திய ஆய்வு அதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டது. 2025-இல் அதே வரிசையின் மூன்றாம் தலைமுறை இதயத்துடிப்பு உணரியோடு வந்தபோது, டேஷில் சேர்ந்து பின்னர் பிரிந்துபோன மரபுகள் மீண்டும் சேர்ந்தன. ஒளித்து வைத்த கருவியும் காட்டி மகிழ்ந்த கருவியும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகிவிட்டதே இதில் மதிக்கத்தக்க மாற்றம்; வெள்ளை இயர்பட்ஸ் அணிந்த முதியவரைப் பார்ப்பவர், அவர் பாட்டுக் கேட்கிறாரா பேரனின் பேச்சைக் கேட்கிறாரா என்று அறிய மாட்டார்.

2023-இல் கூகுள் ஆய்வாளர்கள் விளக்கிய முறையோ லென்னக்கை நினைவூட்டுகிறது. காதுக்குக் கேட்காத மென்மையான மீயொலியை இயர்பட்ஸின் ஒலிபெருக்கி வழியே காதுத்துளைக்குள் அனுப்பி, அதன் எதிரொலியை இரைச்சல் நீக்கத்துக்கென இருக்கும் ஒலிவாங்கியால் பிடித்தால், குருதியோட்டத்தால் துளைச் சுவர் நுட்பமாக அசைவதிலிருந்து துடிப்பை எண்ணலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், தேர்ந்தெடுப்போர் முன் நிற்பவை பழைய கேள்விகளே. மெர்காடியேயின் ரப்பர் உறைக்குப் பதிலாக இன்று பெட்டியில் பல அளவுகளில் சிலிக்கோன் நுனிகள் வருகின்றன. அவற்றுள் பொருந்துவதைத் தேடாமல் அணிந்தால், காதுச்சுவரைத் தொடாத உணரி துடிப்பைத் தவறாக எண்ணும், இரைச்சல் நீக்கமும் பயனிழக்கும், கேட்பவர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவார். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்றும் வகுத்த எல்லையைக் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி, இதயத்துடிப்பை எண்ணும் வசதியைவிடப் பலருக்குத் தேவையானது. செவித்துணைக்காக வாங்குவோர் மின்கலத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான காது கேட்கும் கருவி விழித்திருக்கும் நேரம் முழுவதும் உழைக்க, இயர்பட்ஸ் இடையில் பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். மேலும், செவித்துணைக்குக் கிடைத்த அமெரிக்க அனுமதி 18 வயது நிரம்பிய, லேசான அல்லது மிதமான குறைவு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. குழந்தைகளும், கடுமையான குறைவுள்ளவர்களும், ஒரு காதில் திடீரெனக் கேட்காமல் போனவர்களும் கடைக்கு முன்பாகக் காது மருத்துவரிடமே செல்ல வேண்டியவர்கள்.