ஐயாயிரவரில் பதினொருவர்!

பொன் கொழிக்கும் வணிகக் கோட்டை என்று புகழ் பெற்றது லண்டன் மாநகரின் நடுப்பகுதி. அந்தக் கோட்டையின் வாயிற்புறத்திலேயே, பெத்னல் கிரீன் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை இருந்தது ஒரு சேரி. ஓல்டு நிக்கல் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 15 ஏக்கர் நிலம். அதிலே 5,719 மக்கள்! காற்று நுழையாத அறைகள், கழிவுநீர் தேங்கிய சந்துகள். ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் 40 பேர் அளவில் மாண்டனர். வட்டாரம் முழுமைக்கும் உள்ள கணக்கைப் பார்த்தால் அது ஏறத்தாழ இருமடங்கு.

ஏன் மாண்டனர்? விதி என்றனர் சிலர்; அவர்கள் குணம் அப்படி என்றனர் பலர். 1889-இல் சார்லஸ் பூத் வெளியிட்ட வறுமை வரைபடத்தில் இந்தச் சந்துகளுக்குக் கருநிறம் தீட்டப்பட்டது. கருநிறத்துக்கு அங்கே தரப்பட்ட பொருள், கடைநிலை மக்கள், தீயொழுக்கத்தினர், பாதிக் குற்றவாளிகள் என்பது! வாடகை வாங்கிய கைக்கு மட்டும் எந்த நிறமும் தீட்டப்படவில்லை. அந்த வீடுகளின் உடைமையாளர் யார் என்று ஆய்ந்தவர்கள், பிரபுக்களையும் உள்ளூர் ஆட்சிமன்ற உறுப்பினர்களையும் அந்தப் பட்டியலிலே கண்டனர். சேரி சாபத்தால் விளைந்ததன்று, தோழர்களே; அது இலாபம் தரும் தொழிலாக நடத்தப்பட்டது!

1889-இல் லண்டன் மாவட்ட மன்றம் பிறந்தது. 1890-இல் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்தது. சேரி நிலத்தை விலைகொடுத்து எடுத்து, இடித்து, புதுவீடு கட்டும் உரிமை மன்றத்துக்குக் கிடைத்தது. நிலம் பொதுவுடைமை ஆயிற்று. ஓவன் பிளெமிங் என்ற இளம் கட்டடக் கலைஞரின் தலைமையில் எழுந்தது பவுண்டரி குடியிருப்பு. செங்கல் மாடிவீடுகள், மரநிழல் படிந்த அகன்ற வீதிகள், கடைகள், தொழிற்கூடங்கள், பொதுச் சலவைக்கூடம்! நடுவிலே ஆர்னால்டு சர்க்கஸ் என்னும் வட்டப் பூங்கா. இடித்த சேரியின் கல்லையும் மண்ணையும் குவித்து மேடாக்கி, அதன் மீது அந்தப் பூங்காவை அமைத்தனர். நோய் விளைந்த மண்மீது பசுமை விளைந்தது. 1900-இல் இளவரசர் வந்து திறந்துவைத்தார். பாராட்டத்தக்க பணி, மறுப்பார் யார்?

ஆனால், வரலாறு நம்மிடம் இன்னொரு கணக்கையும் நீட்டுகிறது. அந்த 5,719 பேரில் புதிய வீடுகளில் குடியேறியவர் எத்தனை பேர்? பதினொருவர்!

எஞ்சியோரை எவரும் தடியெடுத்து விரட்டவில்லை. வாடகை என்னும் வேலியே போதுமானதாக இருந்தது. கட்டிய செலவு வாடகையிலேயே மீளவேண்டும், வரி செலுத்துவோருக்குச் சுமை கூடாது என்பது விதி. அந்த வாடகையைத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியும், காவலரும், செவிலியரும் கொடுக்க முடிந்தது; கூடை சுமந்தவனும் தீப்பெட்டி ஒட்டியவளும் கொடுக்க முடியவில்லை. அவர்கள் பக்கத்துத் தெருக்களுக்குப் பெயர்ந்தனர். அங்கே ஏற்கெனவே நெருங்கி வாழ்ந்தோரோடு மேலும் நெருங்கினர். சேரி ஒழியவில்லை, நகர்ந்தது!

வேறு வழியே இல்லையா? இருந்தது என்று காட்டிற்று வியன்னா. முதல் உலகப்போருக்குப் பின், 1919-இல் அந்நகர ஆட்சியைச் சமூக ஜனநாயகக் கட்சியினர் பெற்றனர். நகராட்சி நிலங்களை வாங்கிச் சேர்த்தது. 1923-இல், நிதிப்பொறுப்பு ஏற்றிருந்த ஹியூகோ பிரைட்னர் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். சிறுவீட்டுக்குச் சிறுவரி, மாளிகைக்குப் பெருவரி! அந்தப் பணத்தால் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கட்டிய செலவை ஏழையின் வாடகையிலிருந்து பிழிந்தெடுக்கவில்லை. ஆகவே வாடகை, கூலியில் ஒரு சிறு பங்காகவே நின்றது. யாருக்குத் தேவை மிகுதியோ அவருக்கே முன்னுரிமை. 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோப் என்ற குடியிருப்பில் 1,382 வீடுகள். நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடமின்றி விட்டு முற்றமும் தோட்டமும் ஆக்கினர். சலவைக்கூடமும் நூலகமும் மழலையர் பள்ளியும் அமைத்தனர். 1934 பிப்ரவரியில் அந்தச் சுவர்கள் மீது பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஆட்சி வீழ்ந்தது, வீடுகள் வீழவில்லை! இன்றும் அங்கே மக்கள் வாழ்கின்றனர்.

லண்டனும் நிலத்தைப் பொதுவாக்கியது; வியன்னாவும் பொதுவாக்கியது. அழகு இரண்டிடத்தும் உண்டு, பூங்காவும் உண்டு. வேறுபாடு எங்கே? செலவை யார் தலையில் வைப்பது என்ற ஒரு முடிவிலே!

எனவே, நகர நடுவில் பொதுநிலத்தைத் திருத்தப்போகிறோம் என்ற முரசொலி எங்கே கேட்டாலும், வரைபடத்தின் வண்ணத்திலே மயங்காது நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. இங்கே இருந்தவர் எத்தனை பேர்? திரும்பி வருவோர் எத்தனை பேர்? வாடகை என்ன? அதை முடிவு செய்பவர் யார்? விடை கிடைக்கும்வரை, பூங்காவின் பசுமையை மட்டும் கண்டு கைதட்டுவது பகுத்தறிவாளர்க்கு அழகாகாது. அந்தப் பூமேட்டின் அடியிலே ஐயாயிரம் குடிமக்களின் இல்லங்கள் புதைந்து கிடக்கின்றன!