தேத்தாங்கொட்டை உரசிய பானை

ஊருணித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வைத்தால் பால் காப்பி நிறத்தில் இருக்கும். அப்பத்தா அதை அப்படியே பானையில் ஊற்றமாட்டாள். சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் தேத்தாங்கொட்டையை நனைத்து, மண்பானையின் உட்சுவரில் சுற்றிச் சுற்றி உரசுவாள். வெளிறிய விழுது படிந்த பிறகுதான் தண்ணீர். விடியும்போது சேறு அடியில் இறங்கியிருக்கும். மேலே பார்த்தால் நம் முகம் தெரியும்.

அந்தக் கொட்டையைத் தரும் மரத்துக்குப் பழைய பெயர் இல்லம். துயரத்தில் கலங்கிய பெண் மனம் தெளிந்ததைச் சொல்லவந்த கலித்தொகைப் புலவர், இல்லத்தின் விதையால் தெளிந்த நீரைத்தான் உவமையாக்கினார். வீட்டுக்கு வீடு பழகிய வேலையாக இருந்தால்தானே அது உவமையாகும்! சுசுருத சம்ஹிதையில் இதே விதை கதகம்.

சூடானில் நைல் கரைப் பெண்கள் இதே வேலையை முருங்கை விதையால் செய்தார்கள். அங்கே முருங்கைக்குப் பெயரே தெளியவைக்கும் மரம். 1970களில் ஆய்வாளர் சமியா அல் அசாரியா ஜான் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கைப்பக்குவத்தைக் கேட்டு எழுதினார். பிறகுதான் ஆய்வகங்கள் காரணம் சொல்லின. சேற்றுத் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. முருங்கை விதைப் புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது, அவற்றைச் சேர்த்துக் கட்டி இறக்கிவிடுகிறது.

விதை அழுக்கைக் கட்டி இறக்குகிறது. இலைச்சாற்றின் கதை வேறு. 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலைச் சாற்றைக்கொண்டே வெள்ளி, தங்க நானோ துகள்களை உண்டாக்கினார்கள். தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து கழிவுநீருக்கான கறுப்புத் துகள்களை எடுப்பதும் பின்னால் வந்தது. அதை முதலில் பார்த்தபோது எனக்குக் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மைதான் நினைவுக்கு வந்தது. அதுவும் துவர்ப்புச் சாறும் இரும்பும் கூடிய கறுப்புதான். தேயிலைச் சாற்றில் கிடைக்கும் துகள்கள் தனி இரும்பா, துவர்ப்போடு பிணைந்த இரும்பா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது.

என் கைக்குப் பழகியது முருங்கை விதைதான். நான் வேலை பார்த்தது பீர் ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில். பார்லித் தூசி, ஈஸ்ட், கரைந்த சர்க்கரை, தொட்டி கழுவிய காரம் எல்லாம் கலந்து வரும். புளித்த மாவு வாடை. ஜாரில் கொஞ்சம் கழிவுநீரை எடுத்துச் சோதிக்கும் ஜார் டெஸ்டில் முருங்கை விதைச் சாற்றை விட்டு முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாகக் கலக்கினால், திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகச் சேரும். ஆனால் கரைந்த சர்க்கரை அசையாது. அதற்குப் பாக்டீரியாத் தொட்டிதான் கதி. விதையை அளவுக்கு மீறிப் போட்டால் அதன் சத்தும் தண்ணீரில் இறங்கி மாசைக் கூட்டிவிடும். அதனால் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கைத்தான் விரும்புவேன்.

கலக்கி முடித்ததும் அரை மணி நேரம் ஜாரைத் தொடக் கூடாது. பயிற்சிக்கு வந்த ஒரு பையன் பொறுக்கமாட்டாமல் ஜாரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இறங்கியதெல்லாம் புகைபோல மேலே எழும்பியது. என் வாயில் அப்பத்தாவின் அதட்டல்தான் வந்தது: "பானைய ஆட்டாதடா!"